குடவாசல் லைனில் இருந்தவள்

மாசி மாதத்து மதியம் ஒன்றில், குடவாசல் லைனில் இருந்தவள் ஒரே நம்பரை என்னிடம் நான்கு முறை கேட்டாள். "முப்பத்தேழு வேணும்" என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது தடவையும் "எந்த நம்பருங்க?" என்று வந்தபோது என் கையிலிருந்த பிளக் அப்படியே நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அவளோடு வேலை பார்த்ததில், ஒரு நம்பரை இரண்டாம் தடவை அவள் கேட்டதே இல்லை.

அப்போது நான் கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் ஆபரேட்டர். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் இரண்டு ஊர் ஆபரேட்டர்களும் கையால் இணைப்புக் கொடுக்க வேண்டிய காலம் அது. எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஊர்தான் பெயர். மன்னார்குடிக்கு ஜலதோஷம், திருவிடைமருதூருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றுதான் பேசிக்கொள்வோம். அவள் குடவாசல். நான் கும்பகோணம். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அந்த மூன்று வருஷத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

குடவாசல் எக்ஸ்சேஞ்ச் என்பது தபாலாபீசின் பின்கட்டில் ஓர் அறை. இணைப்புக் கொடுக்கும் ஒரு சின்ன போர்டு, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஒரு ஷிப்டுக்கு ஒரே ஆள். மதிய நேரத்தில் அழைப்புகள் குறைந்தவுடன் அந்த ஜன்னலில் தெரிவதை எல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். "மழை பிடிச்சிடுச்சுங்க கும்பகோணம், அங்க வந்துடுச்சா?" என்பாள். நான் எழுந்து பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல, இருட்டிக்கிட்டு வருது" என்பேன். நாற்றங்காலில் நாற்று பறிக்கிறார்கள், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, போஸ்ட்மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு மேஜையிலேயே தூங்குகிறார் என்று ஒன்று விடாமல் வந்துகொண்டிருக்கும். என் எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியிலேயே ஆறேழு பெண்கள் இருந்தார்கள். ஆனாலும் காதுக்குள் நேராக வந்து விழும் குரலுக்கு இருக்கும் நெருக்கம் அவர்களிடம் எனக்கு வரவில்லை. அப்பா போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா அதிகம் பேசமாட்டார். நாள் முழுக்க ஊர் ஊராகப் பேசவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், தட்டு வைக்கும் சத்தம்தான் கேட்கும்.

ஒரு மாசி மகத்துக்கு முன்பு, "மகத்துக்குக் கும்பகோணம் வரேங்க, உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று அவள் கேட்டாள். அம்மாவிடம் சொன்னேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று அம்மா கேட்டார். சொன்னேன். குடவாசலை ஒட்டிய கிராமம் ஒன்றில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூலி வேலை செய்பவர்கள் குடியிருந்த தெரு அது. அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து அரசாங்க வேலைக்கு வந்த முதல் பெண் அவள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் லைனில், மகத்தன்று எனக்கு டூட்டி போட்டுவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். "பரவால்லைங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றாள். அதன் பிறகு அவள் கேட்கவேயில்லை.

நிலச் சண்டை உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. சென்னையில் ஆட்சி மாறியிருந்தது, நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது, குத்தகைக்காரரைப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. கிராமத்தில் எதுவும் அவ்வளவு சுலபமாக மாறிவிடவில்லை. ஒவ்வோர் அறுவடைக்கும் கூலித் தகராறு வந்தது. உள்ளூர் ஆட்கள் கூடுதல் நெல் கேட்டு வயலில் கொடி நட்டு நின்றால், மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் இறக்குவார்கள். பின்னாலேயே போலீஸ் வண்டி வரும். வண்டி கேட்டுப் போகும் ட்ரங்க் கால்கள் எங்கள் கைகள் வழியாகத்தான் போயின. இணைப்பு நிற்கிறதா என்று பார்ப்பதற்காக இடையில் ஹெட்செட்டில் கேட்டாக வேண்டும். கேட்டது வெளியே போகக்கூடாது. வேலையில் சேரும்போது அதற்குத்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

அந்தத் தை மாதம், சம்பா அறுவடை தொடங்கிய சமயம், குடவாசலிலிருந்து ஒரு மிராசுதார் தஞ்சாவூர்ப் போலீசோடு பேசினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆள் இறக்கப்போவதாகவும், கொடி நட்டவன் ஒருத்தனையும் விடாமல் அள்ளிவிட வேண்டும் என்றும் அவர் சொன்னதை நானும் கேட்டேன், அவளும் கேட்டாள். பேசி முடித்ததும் அவள் லைனிலேயே நின்றாள்.

"கேட்டீங்களா கும்பகோணம்?"

"கேட்டேன்."

"எங்க ஊருங்க அது. எங்க அண்ணன்தான் முன்னால நிக்கும்."

கூப்பிட்ட வேறொரு லைனைக் காக்க வைத்தேன். அவள் மறுபடியும், "நான் என்னங்க செய்யட்டும்?" என்றாள்.

"நமக்கு எதுக்குங்க? வெளியில தெரிஞ்சா வேலை போயிடும். உங்க வீட்டுல சம்பளம்னு வர்றது உங்களோடதுதானே" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

மறுநாள் அவள் அண்ணனையும் ஊரில் இன்னும் பலரையும் கைது செய்தார்கள். கிளைச் சிறையில் பத்துப் பேருக்கான அறையில் முப்பது பேரை அடைத்திருந்தார்களாம். படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்கினார்களாம். அதை எல்லாம் குரல் மாறாமல் எனக்குச் சொன்னாள். ஷிப்டு முடிந்ததும் சோறு கட்டி எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய்க் கம்பிக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டு வருவாள். இரண்டாவது வாரத்தில் உள்ளே ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, ஒரே நாளில் நினைவு தப்பிச் செத்துப்போனார். அம்மை என்றார்கள், விஷக் காய்ச்சல் என்றார்கள். மாசி பிறந்ததும் மற்றவர்களை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டது, லேசாக இருமல் மட்டும் இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஒரே அறை கொண்ட வீடு அவர்களுடையது.

அதற்குப் பத்து நாளைக்குள்தான் அந்த மதியம் வந்தது.

காலையில் டூட்டிக்கு வந்தபோதே, "தலையைப் பொளக்குதுங்க, கண்ணைத் தெறக்க முடியல" என்று சொல்லியிருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னேன். அடுத்த ஷிப்டு ஆள் வரும்வரை போர்டை விட முடியாதே என்றாள். பதினொரு மணிக்கு மேல் குளிர்கிறது என்றாள். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு நம்பர்கள் தடுமாறின. நான்காம் தடவை நான் "முப்பத்தேழு" என்று சொல்வதற்குள் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபடும் ஓசை, ஏதோ விழும் ஓசை. அதற்குப் பிறகு குரல் இல்லை. குடவாசல் சந்தாதாரர்கள் கூப்பிடும் மணி மட்டும் அவள் போர்டில் அடித்துக்கொண்டே இருந்தது. திறந்து கிடந்த லைன் வழியாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குடவாசலில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், எந்தப் போனுக்கும் அவள் கைதான் இணைப்புக் கொடுக்க வேண்டும். ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிப்படி இறங்கித் தந்திப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே இருந்த பெரியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் குடவாசல் தபாலாபீசுக்குக் டக்டக்கென்று தந்தி தட்டினார். "உங்கள் ஆபரேட்டர் விழுந்துவிட்டார், உடனே பார்க்கவும்." முன்னறையில் இருந்த போஸ்ட்மாஸ்டர் அதைப் படித்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடியபோது, அவள் தரையில் கிடந்து பிதற்றிக்கொண்டிருந்தாளாம். உடம்பு நெருப்பாய்க் கொதித்ததாம். வாடகைக் காரில் போட்டுக் கும்பகோணம் கொண்டுவந்து, அங்கிருந்து தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் எக்ஸ்சேஞ்ச் இருந்த தெரு வழியாகத்தான் அந்தக் கார் போயிருக்க வேண்டும். நான் அப்போது போர்டில் திரும்ப உட்கார்ந்து, குடவாசலுக்கு லைன் கேட்டவர்களிடம் எல்லாம், "குடவாசல் பதில் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூளைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் பயம். "ஒயர் வழியா வந்துடாதே?" என்று ஒருத்தி பாதி விளையாட்டாகக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. குடவாசலில் அவள் ஹெட்செட்டை மருந்துத் தண்ணீரில் துடைத்து இரண்டு நாள் வெயிலில் வைத்திருந்தார்களாம். அவளோடு இருந்தவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்தார்கள். என்னை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதிலென்ன தவறு? நான் அவள் பக்கத்தில் ஒரு நாளும் நின்றதில்லையே.

பத்தாம் நாள் தஞ்சாவூருக்குப் போனேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொன்னேன். தனி வார்டிலிருந்து பெண்கள் வார்டுக்கு அவளை மாற்றியிருந்தார்கள். நீள அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள். எதில் இருக்கிறாள் என்று தெரியாமல் நடுவில் நின்றேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எந்த முகமும் அவளாக இருக்கலாம் என்று தோன்றியது, எதுவும் அவளாக இல்லாமலும் போகலாம். அப்போது ஜன்னலோரக் கட்டிலிலிருந்து, "அண்ணா, தண்ணி" என்று குரல் வந்தது. அதே குரல். ஆனால் வார்டே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

அருகே போனேன். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை நாவல்பழக் கறைபோலக் கருத்த திட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் நினைத்திருந்ததைவிட வயது குறைவு. "நான்தான் கும்பகோணம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். யாரோ ஒரு நர்ஸைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தாள். "கும்பகோணங்க" என்று மறுபடியும் சொன்னேன். பக்கத்தில் டம்ளரோடு நின்றிருந்த அவள் அண்ணன்தான் தலையை ஆட்டினார்.

"காது கேக்கலீங்கம்மா. ரெண்டும் போயிடுச்சு."

அவருக்குப் பின்னால் வந்த டாக்டரம்மா எனக்கு விளக்கினார். சின்ன வயதுக்காரர். "இது மெனிங்கோகாக்கஸ்னு ஒரு கிருமி. நெறைய பேரோட மூக்குலயும் தொண்டையிலயும் சும்மாவே இருக்கும், அவங்கள ஒண்ணும் செய்யாது. கூட்டமா அடைஞ்சு கிடந்தா ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் போகும். யாரையாவது பிடிச்சிட்டா ஒரே நாள்ல ஆளை முடிச்சிடும். முதுகுத்தண்டுல எடுத்த தண்ணி அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி கலங்கிக் கிடந்தது. சீக்கிரம் கொண்டுவந்தாங்க, பெனிசிலின் வேலை செஞ்சது. உசுரு தப்பிச்சது. காதை எங்களால காப்பாத்த முடியல." அவர் போன பிறகு அண்ணன் தரையைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணும் வரலீங்களே" என்றார். அதையே இன்னொரு முறையும் சொன்னார்.

கைப்பையில் தேடி ஒரு பழைய ட்ரங்க் கால் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கம் பென்சிலால் 'கும்பகோணம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் படித்தாள். சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். "இவ்ளோ சின்னதாவா இருக்கீங்க? குரலைக் கேட்டு நல்ல உயரம்னு நெனச்சேன்" என்று அந்தப் பெரிய சத்தத்தில் சொன்னாள். சிரித்தாள். பிறகு, "ஏதாவது பேசுங்க, வாயப் பாத்துக் கத்துக்கறேன்" என்றாள்.

நான் பேசினேன். அன்று லைனில் நான் சொன்னது தப்பு, உன் அண்ணனுக்குச் சொல் என்று சொல்லியிருக்க வேண்டும், அவர்கள் ஓடியிருப்பார்கள், சிறை இல்லை, காய்ச்சல் இல்லை, உன் காது இருந்திருக்கும், மகத்துக்கு நீ வருகிறேன் என்றபோதும் நான் பொய்தான் சொன்னேன். எல்லாவற்றையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அண்ணன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அவள் என் உதடுகளையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் புரியலீங்க, எழுதிக் காட்டுங்க" என்று சீட்டை என் பக்கம் தள்ளினாள். பென்சிலை எடுத்தேன். 'சீக்கிரம் குணமாகிவிடும்' என்று எழுதினேன்.

இலாகாவில் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆறு மாதம் கழித்து அதே தபாலாபீசின் முன்னறையில் கடிதங்களுக்கு முத்திரை குத்தும் வேலை கொடுத்தார்கள். பின்கட்டில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள். காலையில் அவள், "ஹலோ கும்பகோணம்" என்பாள். நல்ல பெண்தான். நம்பர் தவிர வேறெதுவும் நான் அவளிடம் பேசவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தலைக்கனம் என்று நினைத்திருப்பாள்.

அந்த ஐப்பசியில்தான் எழுதும் தைரியம் வந்தது. ஆஸ்பத்திரியில் வாயால் சொன்னது எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஒரே பக்கம். 'அன்றைக்கு உங்களிடம் சரி என்றுதான் சொன்னேன். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எங்காவது போய்விடு என்று அழுதேன். போலீசு வருதுன்னு ஓடினா அடுத்த அறுப்புக்கு எவன் வயல்ல நிப்பான் என்று அண்ணன் கேட்டது. எல்லோருக்கும் தெரிந்துதான் நின்றார்கள். நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்களிடம் சொல்லாதது தப்புதான். மேலிடத்தில் கேட்டால் நீங்கள் எனக்காகப் பொய் சொல்ல வேண்டி வருமே என்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது. உங்களுக்கு வேலை பெரிசு என்று எனக்குத் தெரியும்.'

என் மீது குற்றம் இல்லை என்று சொல்ல எழுதிய கடிதம் அது. பல முறை படித்தேன். மழையும் நாற்றும் போஸ்ட்மாஸ்டரின் குறட்டையும் தினம் தினம் என் காதுக்கு வந்துகொண்டிருந்தபோது, அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த காரியம் மட்டும் வரவில்லை. அதற்குப் பின் ஒரு மாதம் அவள் லைனில் என்னோடு எப்போதும்போலப் பேசியிருக்கிறாள். எவ்வளவு சொல்லலாம் என்று என்னை அளந்து வைத்திருந்தாள், சரியாகத்தான் அளந்திருந்தாள்.

சில வருஷம் கடிதம் எழுதிக்கொண்டோம். எங்கள் பேச்சு கடிதத்தில் நிற்கும் பேச்சு இல்லை. மழை பிடித்துவிட்டது என்று கார்டு எழுதிப் போட்டால், அது போய்ச் சேரும்போது அங்கே வெயில் அடிக்கும். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று குறைந்தது. அம்மா இறந்ததை எழுதினேன். அவள் அண்ணனுக்கு உச்சவரம்பு நிலத்தில் கொஞ்சம் கிடைத்ததை அவள் எழுதினாள். பிறகு யார் முதலில் நிறுத்தினோம் என்று தெரியவில்லை. நம்பரைச் சுழற்றினால் தானே இணையும் எக்ஸ்சேஞ்ச் வந்தது. எங்கள் போர்டைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். நான் பில் வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் திருவாரூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மாலை நேரம். குடவாசலை நெருங்கும்போது வாய்க்கால் ஓரமாக ஒருத்தி நடந்து போவது தெரிந்தது. ஒரு கையால் ஒவ்வொரு வேலிக்காலாகத் தொட்டுத் தொட்டுப் போனாள். அந்தக் காய்ச்சலில் காதோடு நடையின் நிதானமும் போய்விட்டது என்று முன்பு எழுதியிருந்தாள். ஜன்னலில் தலையை நீட்டி, "குடவாசல்! குடவாசல்!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. கண்டக்டர்தான் விசில் அடித்து, "குடவாசல்தாம்மா, எறங்குங்க, அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?" என்றார். இறங்கிவிட்டேன்.

பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டு வாய்க்காலில் விழுந்துவிடுவாளோ என்று பயம். கொஞ்ச தூரம் சும்மா பின்னாலேயே நடந்தேன். பிறகு சாலையின் மறுபக்கமாக வேகமாகப் போய் முன்னால் வந்து நின்றேன். அவள் நின்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்ததற்குப் பிறகு, கடிதம் எழுதிக்கொண்ட காலத்தில் இரண்டோ மூன்றோ முறைதான் பார்த்திருந்தோம். ஆனாலும் உடனே கண்டுகொண்டு, "நரைச்சுப் போச்சேங்க" என்றாள். நான் திகைத்துப்போனேன். அது அவள் குரல் இல்லை. காது கேட்காமல் இத்தனை வருஷம் பேசிப் பேசி அது தட்டையாகி, ஏற்ற இறக்கம் எல்லாம் போய், யாரோ ஒருத்தியின் குரலாகிவிட்டிருந்தது. லைனில் கேட்டிருந்தால் ராங் நம்பர் என்று வைத்திருப்பேன். அது அவளுக்குத் தெரியாது என்று எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று.

கைப்பையில் பேனா இருந்தது, காகிதம் இல்லை. "வேணாம், விடுங்க. நான் பேசறேன், நீங்க கேளுங்க" என்றாள். பஸ் நிறுத்தம்வரை அவள் பேசினாள். அண்ணன் மகள் நர்ஸ் படிப்பதை, அண்ணன் இப்போது சொந்த வயலில் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புவதை, ஆபீசில் இத்தனை வருஷமாக யாரும் தன்னிடம் ஒரு வார்த்தை கூடுதலாக எழுதிக் காட்டியதில்லை என்பதை. கடைசியாகச் சொன்னதையும் மற்றதைச் சொன்ன மாதிரியேதான் சொன்னாள்.

அடுத்த பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றாள். பஸ் நகர்ந்தபோது, கேட்காது என்று தெரிந்தும் நான் ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டினாள்.